கல்லும் ஏடும் திரையும்: கையடக்கக் கருவிகளில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ – ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1985ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ தொலைக்காட்சித் திரைக்கென உருவாக்கப்பட்ட வீடியோ கேம் ஆகும். 1999, 2004, 2020 ஆகிய ஆண்டுகளில் அது கையடக்கக் கருவிகளில் மறுவெளியீடு பெற்றது. உரிமம் பெறாத படிகளாகவும் அது தமிழகக் கடைத்தெருக்களில் புழங்கி வருகிறது. ஒரே பனுவலின் மறுதோற்றங்களாகக் கருதப்படும் இவை உண்மையில் வெவ்வேறு பதிப்புகள் என்பதையும், திரையின் அளவும் சேமிப்பு வசதியும் பனுவலின் பொருளையே மாற்றுகின்றன என்பதையும் தமிழ்ப் பதிப்பியல் மரபின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கையடக்கக் கருவிகள் உருவாகும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியின் நடுவே, சோழர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் மணிமங்கலம் இவ்வாய்வின் ஒப்பீட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்

பதிப்பியல், பாடவேறுபாடு, மெய்க்கீர்த்தி, வீடியோ கேம், கையடக்கக் கருவி, சூப்பர் மாரியோ பிரதர்ஸ், மணிமங்கலம்.

1. முன்னுரை

தமிழில் வீடியோ கேம் குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, விளையாட்டு சிறார் மனத்தில் ஏற்படுத்தும் விளைவுகளைப் பேசுவது. மற்றொன்று, விளையாட்டின் கதையையும் பாத்திரங்களையும் பண்பாட்டு நோக்கில் விளக்குவது. இவ்விரு வகைகளிலும் ஓர் அடிப்படை வினா எழுப்பப்படாமலே விடப்படுகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட விளையாட்டின் எந்தப் பதிப்பு ஆராயப்படுகிறது என்பதே அவ்வினா. புறநானூற்றுப் பாடலொன்றை ஆராய்பவர் எந்தப் பதிப்பின் பாடத்தைக் கொண்டார் என்று கூறாவிடில் அவ்வாய்வை ஏற்பார் இலர். வீடியோ கேம் ஆய்வில் இந்த ஒழுங்கு இன்னும் வேரூன்றவில்லை.

இக்குறையின் விளைவு சிறிதன்று. தமிழகத்தில் 1990களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ‘மாரியோ’ என்பது தொலைக்காட்சியோடு இணைத்து, கேசட் செருகி ஆடிய விளையாட்டு. அடுத்த தலைமுறைக்கு அது உள்ளங்கையில் அடங்கும் கருவியில் உள்ள நானூறு விளையாட்டுகளுள் ஒன்று. இருவரும் ஒரே பெயரைச் சொல்கின்றனர். ஆயினும் அவர்கள் ஆடியவை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ‘மாரியோவின் தாக்கம்’ என்று பேசுவது, ஏட்டுப்படிகளை ஒப்பிடாமல் ஒரு நூலின் பாடத்தை முடிவு செய்வதற்கு நிகராகும்.

2. ஒப்பீட்டுக் களம்: மணிமங்கலம்

தாம்பரத்திற்கு மேற்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள மணிமங்கலம் வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமான ஊர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக இது குறிக்கப்படுகிறது. இவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசன், வீரராசேந்திரன் முதலிய சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் உள்ளன. ஹுல்ஷ் அவற்றைத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். சோழர் போர் வரலாற்றை எழுதுவோர்க்கு வீரராசேந்திரனின் மணிமங்கலக் கல்வெட்டு ஒரு முதன்மைச் சான்றாகும்.

இக்கட்டுரைக்கு வேண்டுவது அப்போர்ச் செய்தியன்று. மெய்க்கீர்த்தி என்னும் வடிவத்தின் இயல்பே. மெய்க்கீர்த்தி ஓரிடத்தில் ஒருமுறை எழுதப்பட்டு முடிந்த பனுவலன்று. மன்னனின் ஆட்சியாண்டு ஏற ஏற அது வளரும். புதிய வெற்றிகள் சேரும். சில கோயில்களில் நெடியதாகவும் சிலவற்றில் குறுகியதாகவும் அதே மன்னனின் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டிருக்கும். சுவரின் பரப்பும் ஆணையின் தேவையும் பொறிக்கப்பட்ட காலமும் அதன் நீளத்தை நிர்ணயித்தன. ஆகவே கல்வெட்டறிஞர் ‘இம்மன்னனின் மெய்க்கீர்த்தி’ என்று பொதுவாகக் கூறி அமைவதில்லை. எந்த ஊர், எந்த ஆட்சியாண்டு, எந்தச் சுவர் என்று குறித்த பின்னரே மேலே செல்வர். பனுவல் தன்னைத் தாங்கும் பரப்பிலிருந்து பிரிக்க இயலாதது என்னும் உண்மையைக் கல்வெட்டியல் நடைமுறையாகவே கொண்டுள்ளது.

இன்று இதே மணிமங்கலத்தைச் சூழ்ந்து கையடக்கக் கருவிகளின் உற்பத்தி உலகம் விரிந்துள்ளது. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் பாக்ஸ்கான் முதலிய நிறுவனங்கள் இப்பகுதியில் கைப்பேசி உற்பத்தியை விரிவாக்கின. வல்லம் – வடகால் சிப்காட் பகுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்பதே இவ்வுற்பத்தியின் அளவை உணர்த்தப் போதுமானது. கல்லில் பனுவல் பொறித்த ஊரைச் சுற்றிப் பனுவல் தாங்கும் திரைகள் பொருத்தப்படுகின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது இடத்தின் அண்மை கருதி மட்டும் அன்று. ஒரு பரப்பைப் படிக்கக் கற்பித்த முறை மற்றொரு பரப்பைப் படிக்கவும் உதவுமா என்பதே இங்கு ஆய்வு வினா.

3. மூலப் பனுவல் (1985)

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985 செப்டம்பர் 13 அன்று நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ கருவிக்காக வெளியிடப்பட்டது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி டெசுகாவும் வடிவமைத்தனர். கோஜி கோண்டோ இசையமைத்தார். கேசட்டில் அடங்கிய மொத்தத் தரவு 40 கிலோபைட் மட்டுமே. இச்சிறு கொள்ளளவில் எட்டு உலகங்கள், உலகுக்கு நான்கு கட்டங்கள் என 32 கட்டங்கள் அமைந்தன. மேகத்திற்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றியது இச்சிக்கனத்திற்குப் பலரும் காட்டும் சான்றாகும்.

ஓடுதல், தாவுதல் என்னும் இரு வினைகளே இதன் இலக்கணம். பொத்தானை அழுத்தும் நேரத்திற்கேற்பத் தாவலின் உயரம் மாறும். திரை இடமிருந்து வலமாக நகரும். கடந்த நிலத்திற்கு மீள இயலாது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு காலவரம்பு உண்டு. திரையில் 400 எனத் தொடங்கிக் குறையும் எண்கள் உண்மையான நொடிகள் அல்ல. ஓர் அலகு ஏறத்தாழ 0.4 நொடி. ஆகவே 400 அலகு என்பது இரண்டே முக்கால் நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு. ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. மின்சாரம் நின்றால் தொடக்கத்திலிருந்தே ஆட வேண்டும்.

திரையின் அளவு இங்கு முதன்மையானது. கருவி உருவாக்கும் படம் 256 படப்புள்ளி அகலமும் 240 படப்புள்ளி உயரமும் உடையது. நிலம், செங்கல், குழாய் ஆகியன 16 படப்புள்ளி கொண்ட சதுரங்களால் கட்டப்பட்டவை. எனவே ஆடுபவர் ஒரு நேரத்தில் 16 சதுர அகலமும் 15 சதுர உயரமும் உடைய உலகைக் காண்கிறார். இவ்வளவைக் கொண்டே தடைகளின் இடைவெளி அளக்கப்பட்டுள்ளது.

முதல் கட்டத்தின் தொடக்கமே இதற்குச் சான்று. 21ஆம் சதுரத்தில் உள்ள வினாக்குறிப் பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து வலப்புறம் நகரும். அது கீழே விழுந்து, 28ஆம் சதுரத்தில் உள்ள குழாயில் மோதித் திரும்பி ஆடுபவரை நோக்கி வரும். இதுவரை தன்னை நோக்கி வந்தவை பகை என்று அறிந்த ஆடுநர் காளானையும் அஞ்சக்கூடும். ஆயினும் தப்ப இடமின்றி அதைத் தொட நேர்கிறது, உருவம் பெரிதாகிறது, அது நன்மை தருவது என்று உணர்கிறார். எழுத்து விளக்கம் ஏதுமின்றிப் பொருளைக் கற்பிக்கும் இடம் இது. திரையின் நடுவில் ஆடுநர் நின்றால் வலப்புறம் எட்டுச் சதுரம் தெரியும்; ஏழு சதுரம் தள்ளியுள்ள குழாயும் தெரியும். காளான் போவதும் மோதுவதும் திரும்புவதும் ஒரே காட்சிக்குள் அடங்கும். இக்கற்பித்தல் திரையின் அகலத்தையே ஆதாரமாகக் கொண்டது.

4. கையடக்கப் பதிப்புகள்

4.1. 1999: உரைப்பதிப்பு

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்’ 1999இல் ‘கேம் பாய் கலர்’ கருவிக்கு வெளிவந்தது. அக்கருவியின் திரை 160க்கு 144 படப்புள்ளிகளே உடையது. பதிப்பாளர் முன் இரு வழிகள் இருந்தன: உருவங்களைச் சுருக்கி முழுக் காட்சியையும் காட்டுவது, அல்லது உருவங்களை அதே அளவில் வைத்துக் காட்சியை வெட்டுவது. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். இதனால் ஆடுநர் காண்பது 10 சதுர அகலமும் 9 சதுர உயரமும் உடைய உலகாயிற்று. பரப்பளவில் இது மூலத்தின் 37.5 விழுக்காடு மட்டுமே.

இவ்வெட்டின் விளைவைக் காலத்தில் அளக்கலாம். மூலப் பனுவலில் மாரியோவின் உச்ச ஓட்டவேகம் ஒரு படச்சட்டத்திற்கு 2.5 படப்புள்ளி, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 150 படப்புள்ளி. அவ்வேகத்தில் திரையின் நடுவிலிருந்து ஓடுபவர்க்கு, விளிம்பில் தோன்றும் தடை வந்து சேர மூலத் திரையில் சுமார் 0.85 நொடியும், சிறிய திரையில் சுமார் 0.53 நொடியும் ஆகும். முன்னறியும் காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைகிறது. காளான் காட்சியிலும் வேறுபாடு தெளிவு. நடுவில் நிற்பவர்க்கு வலப்புறம் ஐந்து சதுரங்களே தெரியும். குழாய் திரைக்கு வெளியே போய்விடுகிறது. காளான் பார்வையிலிருந்து விலகிச் செல்வதாகத் தோன்றுகிறது. மூலத்தில் முழுமையாகக் கண்டு கற்ற பாடம் இங்குத் துரத்திக் கற்க வேண்டிய பாடமாகிறது.

இக்குறையைப் பதிப்பாளர்கள் அறிந்தே இருந்தனர். மேலும் கீழும் பார்வையை நகர்த்திப் பார்க்கும் வசதியைச் சேர்த்தது அதனாலேயே. குழியின் அடியில் தரை உண்டா என்பதை அறிய ஆடுநர் நின்று நோக்க வேண்டும். ஓட்டத்தையே இலக்கணமாகக் கொண்ட பனுவலில் நிற்றல் என்னும் வினை புகுந்தது. இது பாடவேறுபாடு மட்டுமன்று, நடைவேறுபாடும் ஆகும்.

இப்பதிப்பின் சிறப்பு மற்றோரிடத்தில் உள்ளது. அறைகூவல் முறை ஒன்று சேர்க்கப்பட்டது. பழைய கட்டங்களிலேயே ஐந்து செந்நாணயங்களும் ஒரு முட்டையும் மறைத்து வைக்கப்பட்டன. குறிப்பிட்ட மதிப்பெண்ணும் எட்ட வேண்டும். அவற்றைத் தேடுபவர், முன்பு விரைந்து கடந்த சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். மூலத்தின் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதன் மீது மீள்வாசிப்பைத் தூண்டும் இச்சேர்க்கை, தமிழ் மரபில் உரை செய்யும் பணியை ஒத்தது. உரையாசிரியர் மூலத்தின் அருஞ்சொல்லில் வாசகரை நிறுத்துவது போலச் செந்நாணயம் ஆடுநரை மூலத்தின் அரிய மூலைகளில் நிறுத்துகிறது. 1986இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த கடினமான தொடர்ச்சிப் பகுதியும் இதில் பின்னிணைப்பாக இடம்பெற்றது. காட்சியை இழந்த பதிப்பு விளக்கத்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய முயன்றது எனலாம்.

சேமிப்பு வசதி இப்பதிப்பின் மற்றொரு பெருமாற்றம். ஒரே அமர்வில் ஆடி முடிக்க வேண்டிய பனுவல், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய பனுவலாயிற்று. வார இதழில் பகுதி பகுதியாக வாசிக்கப்படும் தொடர்கதைக்கும் ஒரே மூச்சில் வாசிக்கப்படும் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். மூலத்தில் எட்டாம் உலகில் தோற்பது பெரும் உழைப்பை இழப்பதாகும். அந்த அச்சமே தாவலுக்குக் கனம் தந்தது. சேமிப்பு அக்கனத்தைக் குறைத்தது. அதே வேளையில் பேருந்துப் பயணத்திலும் பணி இடைவேளையிலும் ஆடுவோர்க்குப் பனுவலை உரியதாக்கியது. இழப்பும் பேறும் ஒரே மாற்றத்தின் இரு முகங்கள்.

4.2. 2004: சுருக்கப்பட்ட உருநகல்

2004இல் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கருவிக்கு வெளிவந்த மறுவெளியீடு எதிர்த்திசையில் சென்றது. இக்கருவியின் திரை 240க்கு 160 படப்புள்ளி. அகலம் ஏறக்குறைய மூலத்தை எட்டியது, உயரம் போதவில்லை. பதிப்பாளர்கள் காட்சியை வெட்டாமல் உயரத்தை அமுக்கினர். முன்னறியும் காலம் காக்கப்பட்டது. வடிவ விகிதம் குலைந்தது. சேர்க்கையோ விளக்கமோ பெரிதாக இல்லை. பழஞ்சுவடியை அப்படியே ஒளிப்படமாக எடுத்து, தாளின் அளவுக்குப் பொருந்துமாறு அமுக்கி அச்சிட்ட உருநகல் பதிப்புக்கு இதனை ஒப்பிடலாம். மூலத்திற்கு உண்மையாக இருப்பதாகக் கூறும் பதிப்பும் எங்கோ ஓரிடத்தில் தன் பரப்புக்குப் பணிகிறது என்பதை இது காட்டுகிறது.

4.3. 2020: விழாப் பதிப்பு

35ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2020 நவம்பர் 13 அன்று ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் பழைய பெயரில் தனிக் கருவி ஒன்று வெளியிடப்பட்டது. 2.36 அங்குல வண்ணத்திரை உடைய இக்கருவி கடிகாரமாகவும் பயன்படும். கேசட் மாற்ற இடமில்லை. பனுவலும் பரப்பும் ஒன்றாகவே விற்கப்பட்டன. 2021 மார்ச் இறுதி வரையே உற்பத்தி என்றும் அறிவிக்கப்பட்டது. வாசிப்பதற்காக அன்றிப் பேழையில் வைப்பதற்காக அச்சிடப்படும் விழா மலரின் இயல்பு இதற்கு உண்டு. பனுவல் இங்குப் படிக்கப்படுவதைக் காட்டிலும் நினைவுகூரப்படுகிறது. மூன்று பதிப்புகளுள் விமரிசன நோக்கில் மிகக் குறைந்த புதுமை உடையது இதுவே. எனினும் பனுவலைப் பரப்போடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இதுவே நிறுவனத் தரப்பின் ஒப்புதலாகவும் அமைகிறது.

5. ஏட்டுப்படிகள்: தமிழகத்தில் உரிமமற்ற வெளியீடுகள்

மேற்கண்ட மூன்று பதிப்புகளும் தமிழக வாசகருள் மிகச் சிலரையே எட்டின. பெரும்பாலோர் அறிந்த மாரியோ உரிமமற்ற படிகளின் வழி வந்ததே. 1990களில் மூலக்கருவியைப் போலவே இயங்கும் நகல் கருவிகள் இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. அவற்றுடன் பல்லாயிரம் விளையாட்டுகள் உள்ளதாகக் கூறும் கேசட்டுகள் விற்கப்பட்டன. பட்டியலின் எண்ணிக்கை பெரிதாயினும் உள்ளே இருப்பவை சிலவே. ஒரே விளையாட்டு வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்குமாறும், சிறு மாற்றங்களுடனும், வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப இடம்பெறும். பின்னர் மூலக்கருவியின் சுற்றுகள் முழுவதும் ஒரே சில்லில் அடங்கின. அதன் பயனாகச் ‘சுப்’ என்னும் பெயர் பொறித்த, 400 விளையாட்டுகள் கொண்ட கையடக்கக் கருவிகள் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெரு முதல் ஊர்த்திருவிழாக் கடை வரை இவை இடம்பிடித்தன.

இப்படிகளைத் ‘திருட்டுப் பதிப்பு’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. உரிமைச் சட்ட நோக்கில் அவ்வாறு கூறுவதில் தவறுமில்லை. ஆனால் பதிப்பியல் நோக்குக்கு அது போதாது. தமிழ் இலக்கியங்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது ஏடெழுதுவோரின் படிகளால்தான். அப்படிகளில் பிழைகள் மலிந்திருந்தன, இடைச்செருகல்கள் இருந்தன, அடிபிரிக்காமல் தொடர்ச்சியாக எழுதும் முறை இருந்தது. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் அவற்றைக் குப்பை என்று ஒதுக்காமல் ஒப்புநோக்கியதால்தான் கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் 1887இல் அச்சேறின. பிழையுள்ள படியும் ஒரு வாசிப்புச் சமூகத்தின் சான்று என்பதே அப்பதிப்பாசிரியர்களின் பணி கற்பிக்கும் பாடம்.

அவ்வாறு நோக்கின் நகல் படிகளின் பாடவேறுபாடுகள் பொருளுடையனவாகின்றன. ஏழாம் உலகிலிருந்து தொடங்கும் மாரியோ, மூலத்தின் கற்பித்தல் ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. காளானை அஞ்சிப் பின் அறியும் முதற்பாடத்தைக் கடவாமலே ஒருவர் கடினமான தாவல்களை எதிர்கொள்கிறார். அவர் கற்பது அருகில் இருக்கும் அண்ணனிடமிருந்தோ பக்கத்து வீட்டுத் தோழரிடமிருந்தோதான். பனுவல் தானே கற்பித்ததை இங்குக் கூடியிருந்தோர் வாய்மொழியாகக் கற்பிக்கின்றனர். பதிப்பின் குறை, வாசிப்பைத் தனிச்செயலிலிருந்து கூட்டுச்செயலாக மாற்றியது. ‘மாரியோ தமிழ்ச் சிறுவர்களைத் தனிமைப்படுத்தியது’ என்றோ ‘ஒன்றுகூட்டியது’ என்றோ பொதுவாகக் கூறுவதற்கு முன், எந்தப் படி எத்தகைய வாசிப்பை வேண்டியது என்று கேட்க வேண்டிய தேவை இங்குத் தெளிவாகிறது.

மற்றொரு வேறுபாடும் குறிக்கத்தக்கது. நகல் படிகள் பலவற்றில் தொடக்கத் திரையிலுள்ள நிறுவனப் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டுள்ளன. ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் குறிக்கப்படுவதுண்டு. அக்குறிப்பு உதிர்ந்த சுவடியின் காலத்தை நிறுவப் பதிப்பாசிரியர் படும் பாடு அறிந்ததே. பெயரழிந்த கேசட்டுகளின் நிலையும் அதுவே.

6. பொறித்தவர் பெயர்

பெயர் அழிதல் நகல் படிகளுக்கு மட்டும் உரிய குறையா என்னும் வினா இங்கு எழுகிறது. உரிமம் பெற்ற கருவியில் நிறுவனத்தின் பெயர் உண்டு; வடிவமைத்தோர் பெயரைத் தேடி அறியலாம். பொருத்தியவர் பெயர் எங்கும் இல்லை. சோழர் கல்வெட்டுகள் சிலவற்றின் முடிவில் அதை எழுதியவர் அல்லது பொறித்தவர் தம் பெயரைக் குறித்துள்ளார். மன்னன் புகழ் பாடும் பரப்பிலேயே உளிபிடித்தவர்க்கும் ஒரு வரி கிடைத்தது. இன்றைய கருவியின் பின்புறத்தில் அவ்வரிக்குப் பதிலாக ஒரு நாட்டின் பெயர் மட்டுமே உள்ளது. திருப்பெரும்புதூர்ப் பகுதி ஆலையில் பொருத்தப்பட்ட கைப்பேசியும் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

நோக்கியாவின் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். அந்நிறுவனத்தின் கைப்பேசிகளில் 1997 முதல் ‘ஸ்னேக்’ இடம்பெற்றது. வண்ணத்திரைக் கருவிகள் பலவற்றில் செந்நிறப் பந்தொன்று தாவிச் செல்லும் ‘பவுன்ஸ்’ இடம்பெற்றது. பின்னது மாரியோ வகுத்த தாவல் இலக்கணத்தின் வழித்தோன்றல். விலைகொடுத்துத் தனியே வாங்காமல் கருவியோடு வந்த இவ்விளையாட்டுகளே தமிழகத்தின் பெருந்திரளான மக்களுக்கு முதற்கையடக்கப் பனுவல்கள். அத்தகைய கருவிகளை எட்டாண்டுக் காலம் திருப்பெரும்புதூரில் பொருத்தியோருள் மிகப்பலர் இளம்பெண்கள். ஆலை மூடப்பட்டது குறித்து வரிவழக்கு, நிறுவனக் கைமாற்றம், வேலையிழப்பு என்னும் நோக்குகளில் எழுதப்பட்டவை உண்டு. அக்கருவி ஒரு வாசிப்புப் பரப்பு என்பதும், அதை உருவாக்கியவர்களும் அதன் வாசகர்களே என்பதும் பேசப்படவில்லை.

பொருத்துவோர் தாமே ஆடுவோராகவும் இருக்கும் நிலை மணிமங்கலம் போன்ற ஊர்களின் தனித்தன்மை. ஆலை வேலையின் காலம் முறைநேரங்களாகவும், ஒவ்வொரு பொருத்தலுக்கும் உரிய நொடிகளாகவும் பகுக்கப்பட்டது. அதிலிருந்து மீளும் இடைவேளையில் ஆடப்படும் விளையாட்டும் காலவரம்பு உடையதே. இவ்வொற்றுமையைக் கொண்டு ‘விளையாட்டு ஆலை ஒழுங்கின் நீட்சியே’ என்று முடிவு செய்யும் போக்கு பண்பாட்டு ஆய்வுகளில் உண்டு. பதிப்பு வேறுபாட்டைக் கருதினால் அம்முடிவு அவ்வளவு எளிதன்று. மூலத்தில் காலவரம்பை ஆடுநர் நிறுத்த முடியும். ஆனால் விட்டுச்செல்ல முடியாது. சேமிப்புள்ள பதிப்பில் அவர் விரும்பிய நாளில் விட்டு விரும்பிய நாளில் மீளலாம். ஆலைக் காலத்திற்கு இல்லாத ஓர் உரிமை இது. ஒரே விளையாட்டின் ஒரு பதிப்பு ஆலைக் காலத்தை ஒத்தும் மற்றொரு பதிப்பு அதனின் விலகியும் நிற்கும்போது, ‘மாரியோ’ என்னும் பொதுப்பெயரின் மீது கட்டப்படும் எந்தக் கோட்பாடும் நிலைபெறாது.

7. ஒப்புமையின் எல்லை

கல்வெட்டையும் ஏட்டையும் வீடியோ கேமோடு ஒப்பிடுவதில் ஓர் எல்லை உண்டு. மெய்க்கீர்த்தியின் பாடத்தைத் தாளில் பெயர்த்தெழுதிய பின்னும் அது பாடமாகவே இருக்கும். வீடியோ கேமின் நிரல் 40 கிலோபைட்டையும் பெயர்த்தெடுத்துக் கணினியில் இயக்கினாலும், பொத்தானின் எதிர்விசை, திரையின் ஒளிர்வு, கைகளின் பிடி ஆகியன பெயர்வதில்லை. ஆடுதல் உடலின் வினை. ஆகவே வீடியோ கேமைப் பொறுத்தவரை பரப்பு பனுவலின் தாங்கி மட்டுமன்று, உறுப்பும் ஆகும். இவ்வெல்லை ஒப்புமையைப் பொய்யாக்கவில்லை. பதிப்பு விவரம் குறிக்க வேண்டிய கடப்பாட்டை மேலும் மிகுவிக்கிறது.

காலமும் ஒரு நெருக்கடி. கல் ஆயிரம் ஆண்டுகள் நிற்கிறது. ஓலை சில நூறு ஆண்டுகள் தாங்கியது. நகல் கருவிகளின் ஆயுள் சில ஆண்டுகளே. பழுதானவை மின்னணுக் கழிவாகச் சென்று உலோகமாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றை ஆடிய முதல் தலைமுறை இன்று நடுவயதை நெருங்குகிறது. ஏடுகள் ஆற்றில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் வருத்தத்தோடு கற்பிக்கும் தமிழ்த்துறைகள், தம் காலத்துப் பனுவல் வடிவமொன்று அதே வழியில் மறைவதைக் காணாதிருப்பது முரணாகும்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் கையடக்க மறுவெளியீடுகள் ஒரே பனுவலின் நகல்கள் அல்ல; திரையளவு, சேமிப்பு, சேர்க்கை ஆகியவற்றால் வேறுபடும் தனித்தனிப் பதிப்புகள்.

2. 1999ஆம் ஆண்டுப் பதிப்பு காட்சிப் பரப்பில் பெரும்பகுதியை இழந்தும், மீள்வாசிப்பைத் தூண்டும் சேர்க்கைகளால் உரைப்பதிப்பின் தகுதியைப் பெறுகிறது. மூன்று பதிப்புகளுள் விமரிசன மதிப்பு மிக்கது இதுவே. 2004ஆம் ஆண்டுப் பதிப்பு உருநகலாகவும் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு விழாப் பதிப்பாகவும் அமைகின்றன.

3. தமிழகத்தில் புழங்கிய உரிமமற்ற படிகள் ஏட்டுப்படிகளுக்கு நிகரான சான்றுகள். அவற்றின் பாடவேறுபாடுகள் கூட்டு வாசிப்பு முறையொன்றை உருவாக்கியுள்ளன.

4. வீடியோ கேம் குறித்த தமிழாய்வுகள் தாம் கொண்ட பதிப்பின் கருவி, ஆண்டு, திரையளவு, தொடக்கத் திரையின் வாசகம், பட்டியலில் அதன் இடம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும்.

5. திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் கருவிகளைப் பொருத்தியும் அவற்றில் ஆடியும் வந்தோரின் வாய்மொழி வரலாறு தொகுக்கப்பட வேண்டும். பழுதான நகல் கருவிகளையும் கேசட்டுகளையும் பல்கலைக்கழக நூலகங்கள் சுவடிகளுக்கு நிகராகப் பட்டியலிட்டுக் காத்தல் இன்றியமையாதது.

மணிமங்கலக் கோயிற்சுவரின் எழுத்துகள் இன்று வாசிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றை ஒருவர் படியெடுத்து, ஊரும் ஆட்சியாண்டும் குறித்துத் தொகுத்ததே. அதே ஊரைச் சூழ்ந்து உருவாகும் திரைகளுக்கும் அத்தகைய தொகுப்பாளர் தேவைப்படுகின்றனர். அப்பணிக்கு வேண்டிய முறையியல் தமிழ்ப் பதிப்பியலில் ஏற்கெனவே உள்ளது.